பெற்றோல் தாங்கியைத் திறந்து பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்

நுகர்வோர் கேள்வி-பதில்

கேள்வி: பழைய மொறிஸ் மைனர் கார் ஒன்றை வாங்கினேன். ஏ9 வீதியில் சில கிலோமீற்றர் ஓடியதும் நின்றுவிடுகிறது. கால் மணி நேரம் விட்டால் மறுபடி ஸ்ரார்ட் ஆகிறது. கராஜில் பெற்றோல் பம்பை மாற்றினார்கள். இப்போது காபரேற்றரையும் மாற்றச் சொல்கிறார்கள். (மாங்குளம்)

பதில்: காபரேற்றருக்குக் காசு கொடுக்க வேண்டாம். நீங்கள் சொல்லும் அடையாளங்களுக்கு முதலில் பார்க்க வேண்டிய இடம் பெற்றோல் தாங்கி. ஓடும்போது பம்ப் இழுக்க, தாங்கியின் அடியில் கிடக்கும் துருவும் மண்டியும் குழாயின் வாயில் போய் அடைக்கின்றன. இயந்திரம் நின்றதும் இழுவை தளர்ந்து அவை கீழே விழ, வழி திறக்கிறது. அடியிலிருந்து கொஞ்சம் பெற்றோலைக் கண்ணாடிப் போத்தலில் எடுத்து ஓர் இரவு அசையாமல் வைத்துப் பாருங்கள். தண்ணீர் இருந்தால் கீழே கோடு பிரித்து நிற்கும். துரு இருந்தால் அதற்கும் அடியில் செங்கல் தூள் போலப் படிந்திருக்கும்.

உங்கள் வண்டியில் தாங்கி டிக்கியின் தளத்துக்குக் கீழே இருக்கிறது. வேலையை வெளியில், காற்றோட்டமான இடத்தில், அடுப்பும் சிகரெட்டும் அண்டாமல் செய்ய வேண்டும். முதலில் பற்றரியின் ஏர்த் வயரைக் கழற்றி, பெற்றோலை மூடியுள்ள கானில் வடித்து, பிறகு நிரப்பும் குழாய், பம்புக்குப் போகும் குழாய், அளவுமானியின் வயர் ஆகியவற்றை விடுவித்து, தாங்கியைக் கீழே ஒருவர் தாங்கிப் பிடித்திருக்கும்போதே விளிம்பிலுள்ள ஆணிகளைக் கழற்றுங்கள். வடித்த கழிவைக் கிணற்றடியில் ஊற்றிவிடாதீர்கள்.

மிதவையுடன் கூடிய அளவுமானியை எடுத்து வைத்துவிட்டு, சவர்க்காரத் தூள் கலந்த சுடுநீரை ஊற்றி, ஒரு துண்டு இரும்புச் சங்கிலியையும் போட்டுக் குலுக்கி, தெளிந்த நீர் வரும்வரை அலசுங்கள். சங்கிலியை மறக்காமல் எடுத்த பின், மிஞ்சிய துருவுக்கு லீற்றருக்கு 50 முதல் 100 கிராம் சித்திரிக் அமிலம் கரைத்து ஒரு நாள் ஊற விடுங்கள். அதை வடித்ததும் அப்பச்சோடாத் தண்ணீரால் கழுவி, நல்ல தண்ணீரால் அலசி, உடனே உலர்த்த வேண்டும். ஈரத்தோடு விட்டால் சில மணி நேரத்திலேயே புதுத் துரு பிடித்துவிடும். பூட்டும்போது இறப்பர் குழாய்களும் வாசரும் புதிதாக இருக்கட்டும்.

கராஜில் கழற்றிய பழைய பம்பைக் கேட்டு வாங்குங்கள். அது உங்கள் உடைமை. நல்ல நிலையிலும் இருக்கக்கூடும்.

கேள்வி: தாங்கியைக் கழற்றாமல், கழிவறைக்குப் பாவிக்கும் அசிட்டை உள்ளே ஊற்றிக் கழுவலாமா? (கிளிநொச்சி)

பதில்: கூடாது. அது துருவோடு தகரத்தையும் தின்னும்.

கேள்வி: தாங்கிக்குள் "கோட்டிங்" போட்டால் ஆயுளுக்கும் துருப்பிடிக்காது என்று சொல்லிப் பெருந்தொகை வாங்கினார்கள். இரண்டு மாதத்தில் பூச்சு உரிந்து பில்ரரில் தோல் தோலாக வருகிறது. ரசீது இருக்கிறது. (புதுக்குடியிருப்பு)

பதில்: உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். இந்த வேலையைப் பற்றி எனக்கு நீண்ட நாளாகவே கோபம் உண்டு. பூச்சு தன்னளவில் கெட்ட பொருளன்று. துரு முழுவதும் நீங்கி, எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல், நன்றாக உலர்ந்த தகரத்தில் ஊற்றினால் அது நிற்கும். அந்த ஆயத்தம்தான் நாட்கணக்கில் எடுக்கும் வேலை. அதைத் தவிர்ப்பதற்காகவே பலர் துருவின் மேலேயே ஊற்றிவிடுகிறார்கள். பூச்சு அப்போது துருவைத்தான் பிடிக்கிறது, துரு தகரத்தை விட்டுக் கழரும்போது இரண்டும் சேர்ந்து வருகின்றன. அதைவிடக் கொடுமை, மீதிப் பூச்சு தடுப்பதால் பிறகு எந்தத் துருவகற்றியும் துருவைச் சென்று தொடாது. சுத்தம் செய்து காப்பாற்றியிருக்கக்கூடிய தாங்கி வெட்டித் திறக்க வேண்டியதாகிவிடுகிறது.

நானும் ஒரு முறை, புதியது என்று சொல்லி விற்கப்பட்ட தாங்கிக்கு முழு விலை கொடுத்தேன். வெளியே கறுப்புப் பூச்சு மினுங்கியது. வீட்டில் மிதவைத் துவாரத்துக்குள் ரோச் அடித்துப் பார்த்தபோது, அடித்தட்டில் பழைய துருக்குழிகள் பூச்சுக்குக் கீழே அப்படியே தெரிந்தன. விற்றவர் கடைசிவரை பணத்தைத் திருப்பவில்லை.

உங்களிடம் ரசீது இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள், அது பெரிய பலம். உரிந்த தோல்களை ஒரு போத்தலில் சேர்த்து, படமும் எடுத்து, நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறையிடுங்கள். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டப்படி அதற்கு மூன்று மாத எல்லை இருக்கிறது; ஆகவே இந்த வாரமே அனுப்புங்கள். வழிமுறை கேட்க 1977 என்ற இலக்கத்தை அழைக்கலாம்.

கேள்வி: பேருந்து நிலையத்தடியில் ஒருவரிடம் தாங்கி வாங்கினேன். ரசீது இல்லை, பெயரும் தெரியாது. ஓட்டை இருக்கிறது. என்ன செய்யலாம்? (மல்லாவி)

பதில்: யாரிடம் வாங்கினோம் என்றே தெரியாதவருக்கு எந்தச் சட்டமும் உதவ முடியாது. ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிப் பார்த்திருந்தால் அந்த இடத்திலேயே ஓட்டை தெரிந்திருக்கும்.

கேள்வி: பத்து வருடமாக வெறுமையாகக் கிடந்த தாங்கி, வாசனையே இல்லை. ஒழுகும் இடத்தை அயல் வெல்டிங் கடையில் ஒட்டுவிக்கலாமா? (பரந்தன்)

பதில்: தயவுசெய்து வேண்டாம். நிறைந்த தாங்கியைவிட வெறுந்தாங்கியே ஆபத்தானது, ஏனெனில் வெடிப்பது ஆவியும் காற்றும் சேர்ந்த கலவைதான். காற்றில் நூற்றுக்கு 1.4 பங்கு பெற்றோல் ஆவி இருந்தாலே அது தீப்பற்றும். பொருத்துகளில் பிசினாக இறுகிய பழைய பெற்றோல், வாசனை தராமல் கிடந்தாலும், சூடு பட்டதும் ஆவியாகும். தாங்கியைப் பல முறை சுடுநீரில் கழுவி, ஒட்டும் இடம் மட்டும் மிஞ்சத் தண்ணீர் நிரப்பி, ஈயம் பிடித்துப் பழகியவரிடம் மட்டுமே கொடுங்கள். அப்படிச் செய்ய மறுக்கும் கடையிலிருந்து தாங்கியைத் திரும்ப எடுத்து வாருங்கள்.

கேள்வி: எங்கள் கார் பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடியது. அதனால் தாங்கி கெட்டுவிட்டது, புதிதாகத்தான் போட வேண்டும் என்கிறார்கள். (நெடுங்கேணி)

பதில்: மண்ணெண்ணெய் தகரத்தைத் துருப்பிடிக்க வைப்பதில்லை. அரைகுறையாக நிரம்பிய தாங்கிக்குள் ஈரக்காற்று குளிர்ந்து அடியில் சேரும் தண்ணீர்தான் அதைச் செய்கிறது. எனவே எதில் ஓடியது என்பதைவிட எத்தனை மழைக்காலம் ஓடாமல் நின்றது என்பதே முக்கியம். உங்கள் முன்னிலையில் தாங்கியைக் கழற்றிக் கழுவச் சொல்லுங்கள். பிறகு துவாரங்களை அடைத்துத் தண்ணீர் நிரப்பி, உலர்ந்த சீமெந்துத் தரையில் ஒரு மணி நேரம் வையுங்கள். தரை நனையாமலும், அடித்தகரம் விரலால் அழுத்த அமுங்காமலும் இருந்தால் புதுத் தாங்கி தேவையில்லை.