சங்கம், குழு, கூட்டம்: எந்த உளவியல் புத்தகம் யாருக்கு?

குளச்சல்: மீனவர் சங்கத்தில் செயலாளராக இருக்கிறேன், அக்கா. கூட்டத்தில் எல்லாரும் தலையாட்டுகிறார்கள், வெளியே வந்ததும் குறை சொல்கிறார்கள். தலைமைப் பண்பு பற்றி எதை வாங்கலாம்?

தம்பி, தலைமைப் புத்தகம் இப்போது வேண்டாம். உளவியலாளர் இர்விங் ஜானிஸின் 'குரூப்திங்க்' வாங்குங்கள். ஒற்றுமை கெடக் கூடாதென்று குழுவே யோசிக்காமல் தலையாட்டுவதைத்தான் அப்படிச் சொல்கிறார். முதலில் வந்தது 1972-இல். 1982 பதிப்பில் அமெரிக்க அதிபர் நிக்சனின் பதவியைப் பறித்த வாட்டர்கேட் விவகாரம் பற்றியும் உண்டு. 1961-இல் அமெரிக்க அதிபர் கென்னடியின் ஆலோசகர்கள், தோல்வியில் முடிந்த கியூபா படையெடுப்புக்கு எப்படித் தலையாட்டினார்கள் என்று அலசுகிறார். சந்தேகம் இருந்தவர்களும் வாய் திறக்கவில்லை. அவர் சொல்லும் வழிகளில் இரண்டை உடனே செய்யலாம்: தலைவர் தன் விருப்பத்தை முதலிலேயே சொல்லாமல் இருக்கட்டும், மறுத்துப் பேசவென்றே ஒருவருக்குப் பொறுப்புக் கொடுங்கள்.

மார்த்தாண்டம்: லெ போன் எழுதிய 'கூட்டம்' வாங்கலாமா? எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள்.

வாங்கலாம், ஆனால் அதிலிருந்து தொடங்காதீர்கள். 1895-இல் வந்தது. கூட்டத்தில் சேர்ந்தவன் அறிவிழப்பான் என்று அடித்துச் சொல்கிறது, சோதித்துப் பார்த்த ஆதாரம் கிடையாது. 1980-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் நடந்த கலவரத்தை உளவியலாளர் ஸ்டீபன் ரெய்ச்சர் ஆராய்ந்தார். அந்தக் கூட்டம் கண்டதையும் தாக்கவில்லை, எதைத் தொடுவது எதை விடுவது என்ற எல்லை அதற்கு இருந்தது என்று காட்டினார்.

நம் ஊரையே பாருங்கள். ஒக்கிப் புயலுக்குப் பிறகு, 2017 டிசம்பரில், குழித்துறை ரயில் நிலையத்தில் உட்கார்ந்த கடற்கரை ஜனம் அறிவிழந்த கும்பலா? கடலில் காணாமல்போனவர்களைத் தேடுங்கள் என்றுதானே கேட்டார்கள்! அதை அனுபவித்த மாவட்டத்தில் லெ போனை அப்படியே நம்பினால் எனக்கு வருத்தமாக இருக்கும். ஹாஸ்லம், ரெய்ச்சர், பிளாட்டோ மூவரும் எழுதிய 'தலைமையின் புதிய உளவியல்' என்ற ஆங்கிலப் புத்தகத்தை முதலில் படியுங்கள். 'இவர் நம்மில் ஒருவர்' என்று ஜனம் நினைத்தால்தான் தலைவர் சொல் எடுபடும் என்பது அதன் மையம். நடை கொஞ்சம் கனமானது, பொறுமை வேண்டும்.

நாகர்கோவில்: பி.எட். படிக்கிறேன். மில்கிராம் கடினமாக இருக்குமா?

இருக்காது, மக்கா. கட்டளையிட்டால் மனிதர் எவ்வளவு தூரம் கீழ்ப்படிவார் என்று சோதித்த உளவியலாளர் அவர். 1974-இல் வந்த அவருடைய புத்தகம் சோதனைகளைக் கதைபோலச் சொல்லும். ஒரு சோதனையில், இன்னொருவருக்கு மின் அதிர்ச்சி கொடுப்பதாக நம்பிக்கொண்டே, 40 பேரில் 26 பேர் கடைசி ஸ்விட்ச் வரை போனார்கள் என்பது மட்டும் எல்லாருக்கும் தெரியும். கட்டளையிடுபவர் அறையில் இல்லாதபோது கீழ்ப்படிதல் குறைந்ததையும் விடாமல் படியுங்கள்.

தக்கலை: மகளிர் குழுவில் சிலர் மட்டுமே வேலை செய்கிறோம். இதற்கு ஏதாவது?

புத்தகமே வேண்டாம். கூட்டமாகக் கைதட்டச் சொன்னால் ஒவ்வொருவரும் தனியாகத் தட்டுவதைவிடச் சத்தம் குறைவாகத் தட்டுகிறார்கள் என்று 1979-இல் உளவியலாளர் லதானே குழுவினர் கண்டார்கள். தன் பங்கு தனியாகத் தெரியும் என்றால் அந்தச் சோம்பல் குறைகிறது. யாருக்கு எந்த வேலை என்று பெயர் போட்டு நோட்டில் எழுதுங்கள், அதை எல்லாரும் பார்க்கட்டும்.