பொங்கல் விலைக்குக் காத்திருந்த சீனிக்கிழங்கு

கேள்வி: தோவாளைப் பக்கம் 40 சென்ட் செம்மண் தோட்டத்தில் ஆவணிக் கடைசியில் சீனிக்கிழங்கு நட்டேன். பொங்கலுக்கு நான்கு நாள் முன்பு தோண்டினால், மூன்றில் ஒரு பங்கு கிழங்கில் ஊசி குத்தியதுபோல் ஓட்டை. வெட்டினால் உள்ளே கறுப்பு, அவித்தால் கசப்பு. கடையில் சொன்ன குருணை மருந்தை இரண்டு தடவை போட்டிருந்தேன். வியாபாரி பாதி விலைக்கும் எடுக்கவில்லை. என் மைத்துனர் வருஷா வருஷம் அதே வயலில் நடுகிறார், அவருக்கு ஒன்றும் வருவதில்லை. அடுத்த தடவை நான் என்ன மருந்து அடிக்க வேண்டும்?

பதில்: உங்களுக்கு வந்திருப்பது கூன்வண்டு. சீனிக்கிழங்கு என்கிற சர்க்கரைவள்ளிக்கு இதைவிடப் பெரிய எதிரி கிடையாது. ஆனால் உங்கள் கேள்வியின் கடைசி வரியிலேயே ஒரு தவறு இருக்கிறது. மருந்து அடித்து இந்த வண்டை வெல்ல முடியாது. புழு கிழங்குக்குள்ளும் கொடியின் அடித்தண்டுக்குள்ளும் இருக்கிறது. மேலே அடிக்கிற மருந்து அதைத் தொடுவதே இல்லை.

முதலில் ஆளைத் தெரிந்துகொள்ளுங்கள். தோட்டத்தில் மிச்சம் இருக்கும் ஒரு மூட்டின், அதாவது செடியின், அடியைப் பிடித்துப் பாருங்கள். தண்டு வீங்கி வெடித்திருக்கும். அதைக் கீறினால் நடுவில் பழுப்பு நிறத் தூள், அதற்குள் அரிசி போல வெள்ளைப் புழு. தலை மட்டும் பழுப்பு, கால் கிடையாது. வண்டைப் பார்த்தால் கட்டெறும்பு என்றுதான் நினைப்பீர்கள். உடம்பு நீலம் கலந்த கறுப்பு, கழுத்தும் காலும் சிவப்பு. தொட்டால் செத்ததுபோல் விழுந்து கிடக்கும். நடமாட்டமெல்லாம் ராத்திரியில்தான், அதனால்தான் பலர் கண்ணில் படுவதில்லை. முட்டை வண்டாக மாற ஏறத்தாழ ஒரு மாதம்.

இந்த வண்டுக்கு மண்ணைத் தோண்டத் தெரியாது. கிழங்கு பருக்கும்போது மண் வெடிக்கிறது இல்லையா, அந்த வெடிப்பு வழியாகத்தான் இறங்கிக் கிழங்கில் முட்டையிடுகிறது. மழை பெய்து மண் சேர்ந்து கிடக்கும் வரை அதற்குப் பாதை இல்லை. கார்த்திகை கழிந்து மழை விட்டதும் செம்மண் காய்ந்து வெடிக்கும், பாதை திறந்துவிடும்.

இப்போது உங்கள் கணக்கைப் பாருங்கள். ஆவணிக் கடைசியில் நட்ட கிழங்கு கார்த்திகைக் கடைசியில் 95 நாளைத் தொட்டிருக்கும். ஸ்ரீபத்ரா போன்ற ரகங்கள் 90 நாளிலேயே தயார். நீங்கள் தோண்டியது 120 நாளுக்கு மேல். மார்கழி முழுக்கக் கிழங்கு மண்ணுக்குள் கிடந்தது. உங்கள் கடிதத்தில் இல்லாவிட்டாலும் ஏன் கிடந்தது என்று என்னால் சொல்ல முடியும். ‘இப்போது தோண்டாதீர்கள், பொங்கலுக்கு நல்ல விலை வரும், மண்ணுக்குள் கிடந்தால் கிழங்கு கெட்டா போகும்?’ என்று ஒருவர் சொல்லியிருப்பார். கொஞ்சம் முன்பணமும் கையில் வைத்திருப்பார்.

இந்தப் பேச்சை நான் எத்தனையோ தோட்டங்களில் கேட்டிருக்கிறேன். கிழங்கு உங்கள் மண்ணுக்குள் கிடந்தால் அவருக்குக் கிடங்கு வாடகை மிச்சம். சந்தையில் விலை ஏறினால் லாபம் அவருக்கு. வண்டு விழுந்தால் ‘சொத்தைக் கிழங்கு, வேண்டாம்’ என்று போய்விடுவார், நஷ்டம் முழுவதும் உங்களுக்கு. முன்பணம் வாங்குவதாக இருந்தால், எந்தத் தேதியில் தோண்டுவது என்பது உங்கள் முடிவு என்று முதல் நாளே பேசிவிடுங்கள். அதற்கு ஒத்துக்கொள்ளாதவரிடம் காசு வாங்காதீர்கள்.

கிழங்கு முற்றிவிட்டதா என்று தெரிந்துகொள்ள வியாபாரி வேண்டாம். 85 நாளில் ஒரு மூட்டைத் தோண்டி, கிழங்கைக் குறுக்கே வெட்டி வையுங்கள். வெட்டிய இடத்தில் வடியும் பால் வெளுப்பாகவே காய்ந்தால் முற்றிவிட்டது. கரும்பச்சையாக மாறினால் இன்னும் சில நாள் பொறுக்கலாம். முற்றியது தெரிந்த பிறகு ஒரு வாரத்துக்குள் தோட்டத்தைக் காலி செய்துவிடுங்கள்.

அடுத்தது கொடி. இந்த வண்டு அதிகம் பறக்காது. ஊர் விட்டு ஊர் போவது நாம் சுமந்துகொண்டு போகிற கொடிக்கட்டில்தான். 40 சென்ட்டுக்கு ஏறத்தாழ 13,000 கொடித்துண்டு வேண்டும் என்பதால், வேனில் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து விலை குறைத்துத் தருகிறவர்களிடம் வாங்கிவிடுகிறோம். அது பெரும்பாலும் கிழங்கு தோண்டிய தோட்டத்தில் அரிந்த பழைய கொடி. வண்டு முட்டையிடுவது கொடியின் அடிப்பாகத்தில் என்பதால் அடித்துண்டு வேண்டவே வேண்டாம். நுனியிலிருந்து ஒரு சாண் அல்லது கொஞ்சம் கூடுதலாக வெட்டிய துண்டுதான் நடுவதற்கு நல்லது. ஓட்டையில்லாத கிழங்கை நட்டு, இரண்டு சென்ட்டில் நீங்களே நாற்றங்கால் வைத்தால் 40 சென்ட்டுக்கும் கொடி கிடைக்கும். ஏறத்தாழ மூன்று மாதம் முன்னதாகத் தொடங்க வேண்டும், அவ்வளவுதான்.

குருணை விஷயத்துக்கு வருகிறேன். டப்பாவை எடுத்துப் பெயரைப் பாருங்கள். ஃபோரேட் என்று இருந்தால் அதை நாட்டில் பயன்படுத்தவே 2020 டிசம்பர் 31 முதல் தடை. கொடியை முக்கி நடச் சொல்லும் ஃபென்தியானுக்கு விவசாயத்தில் 2018 ஆகஸ்டிலேயே தடை வந்துவிட்டது. ஆனாலும் பழைய துண்டுப் பிரசுரங்களில் அந்தப் பெயர் அப்படியே இருக்கிறது, அதையே நகலெடுத்து விவசாயி கையில் கொடுக்கிறார்கள். ஒரு வரியைத் திருத்தி அச்சடிக்க இத்தனை வருஷமா வேண்டும்? வாழை, ரப்பர், தென்னை என்றால் கூட்டம் போட்டுச் சொல்கிறவர்கள் கிழங்கு விவசாயியை மருந்துக்கடை வாசலில் விட்டுவிடுகிறார்கள். கடையில் எதைக் கொடுத்தாலும், லேபிளில் இந்தப் பயிரின் பெயர் இருக்கிறதா என்று காட்டச் சொல்லுங்கள். இல்லையென்றால் வாங்காதீர்கள். நாம் தின்கிற பண்டம் அந்த மண்ணுக்குள்ளேதான் பருக்கிறது.

சரி, மருந்துக்குப் பதில் என்ன? மண்வெட்டிதான். நட்ட ஒரு மாதத்தில் களையெடுத்து மண் அணைக்க வேண்டும். இதை எல்லோரும் செய்கிறார்கள். 50 முதல் 60 நாளுக்குள் இரண்டாவது தடவை அணைக்க வேண்டும், இதைத்தான் கூலிக்குப் பயந்து விட்டுவிடுகிறார்கள். கிழங்கு பருத்து மண் வெடிக்கத் தொடங்கும் நேரம் அது. கொடி நட்ட மண்மேடான பாரின் மேல் நடந்து பாருங்கள், விரல் நுழைகிற வெடிப்பு இருந்தால் கிழங்கு வரை வழி இருக்கிறது என்று அர்த்தம். மழை விட்ட பிறகு தோட்டத்தைக் காயப்போடாமல் லேசாகத் தண்ணீர் காட்டுங்கள்.

அதே 50 நாளில் தொடங்கி 80 நாள் வரை பத்து நாளுக்கு ஒருமுறை, 100 கிராம் அளவில் கிழங்குத் துண்டுகளை ஐந்து மீட்டருக்கு ஒன்றாகப் பாரில் வையுங்கள். வண்டு அதில் வந்து மொய்க்கும். விடிகாலையில் பொறுக்கிச் சோப்புத் தண்ணீரில் போடுங்கள். பழைய துண்டை எடுக்க மறந்தால் நாமே வண்டுக்குத் தொட்டில் கட்டியதாகிவிடும். பெண் வண்டின் வாசனையைக் காட்டி இழுக்கும் இனக்கவர்ச்சிப் பொறியும் உண்டு, உங்கள் இடத்துக்கு 16 வேண்டும். அது ஆண் வண்டை மட்டும்தான் பிடிக்கும். வாங்கும்போது கூன்வண்டுக்கு உரியதா, அதிலும் சீனிக்கிழங்குக் கூன்வண்டுக்கா என்று கேளுங்கள். தென்னைக்கான காண்டாமிருக வண்டுப் பொறியைக் கிழங்குத் தோட்டத்தில் கட்டித் தொங்கவிட்டிருந்த ஒருவரை நான் பார்த்திருக்கிறேன். மூன்று மாதத்தில் ஒரு கூன்வண்டுகூட அதில் விழவில்லை. திருப்பதிசாரத்தில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. களியக்காவிளை தாண்டினால் திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் நாட்டின் கிழங்கு ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. அங்கே விசாரித்து வாங்குங்கள்.

இலையில் ஓட்டை பார்த்து மருந்தடிக்கிற பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். இந்தக் கொடி தின்னத் தின்னத் துளிர்க்கும்.

இனி உங்கள் மைத்துனர் வயல். ஒரே இடத்தில் திரும்ப நடாதே என்று நாங்கள் சொல்வதற்கு அது விலக்குதான், ஆனால் எதனால் என்று சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். அவர் கும்பப்பூ என்கிற இரண்டாம் போக நெல் அறுத்த வயலில் கிழங்கு வைக்கிறார் என்று நினைக்கிறேன். அந்த நெல்லுக்காக மாதக்கணக்கில் தண்ணீர் கட்டியிருப்பார். தோண்டும்போது விட்டுப்போன துண்டுகள் அதில் அழுகிவிடும், உள்ளே இருக்கும் புழுவும் கூட்டுப்புழுவும் செத்துப்போகும். அடுத்த கிழங்குக்கு அது புதுநிலம் மாதிரி. ஆனால் வரப்பில் தானாக முளைத்த கொடியை ‘கிடக்கட்டும், மாட்டுக்கு ஆகும்’ என்று விட்டால் இந்தப் பலன் போய்விடும். வண்டு வரப்பில் இருந்துகொண்டு தண்ணீர் வடிந்ததும் இறங்கிவிடும். மழையில் இரண்டு நாள் தண்ணீர் தேங்கியதை ‘நம் தோட்டமும் முங்கியதே’ என்று இதோடு சேர்க்கவும் கூடாது. மாதக்கணக்கில் நிற்கிற தண்ணீர் வேறு, வந்து வடிகிற தண்ணீர் வேறு. உங்கள் செம்மண் மேட்டில் அப்படிக் கட்டி நிறுத்த வழியில்லை. ஆகையால் ஒரு வருஷமாவது அங்கே மரச்சீனி என்கிற மரவள்ளியோ உளுந்தோ வையுங்கள். இந்த வண்டு அவற்றில் வாழாது. வேலியோரத்து நெய்வேலிக் காட்டாமணக்கில் வாழும், அதனால் அதை வேரோடு எடுங்கள். ராஜாக்கமங்கலம் மாதிரிக் கடலோர ஊர்களில் நடுகிறவர்கள் மணலில் படரும் அடப்பங்கொடியையும் பார்க்க வேண்டும், அதுவும் இதன் வீடுதான்.

கடைசியாக, தோண்டிய சொத்தைக் கிழங்கை என்ன செய்தீர்கள்? எருக்குழியில் போட்டிருந்தால் இன்றே எடுங்கள், அதிலிருந்து வண்டு வந்துகொண்டே இருக்கும். கறுத்துப் பூஞ்சை பிடித்ததை மாட்டுக்குப் போடவே கூடாது, நுரையீரல் பாதித்து மூச்சு முட்டிச் செத்த மாடுகள் உண்டு. தூரையும் பழைய கொடியையும் காயவைத்து எரித்துவிடுங்கள். கிழங்கை இரண்டு முழ ஆழக் குழியில் கொட்டி, மேலே மண்ணைப் போட்டு, வெடிப்பு விடாதபடி மிதித்து இறுக்குங்கள்.