நெரிசலான கொத்துகளில் உள்ள கேலக்ஸிகளில் புது நட்சத்திரங்கள் ஏன் குறைவாகப் பிறக்கின்றன?

முக்கியக் காரணம், வாயு பறிபோவது. குளிர்ந்த ஹைட்ரஜன் சுருங்கித்தான் நட்சத்திரம் பிறக்கிறது. ஆனால் கொத்துக்குள் கேலக்ஸிகளுக்கு நடுவே இருப்பது வெற்றிடம் இல்லை. கோடிக்கணக்கான டிகிரி சூட்டில் மெல்லிய வாயு பரவியிருக்கிறது. அதற்குள் ஒரு கேலக்ஸி நொடிக்கு 1,000 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் பாயும்போது, பைக்கில் போகிறவரின் தோள்துண்டை எதிர்காற்று பறிப்பதுபோல, அதன் வாயு பின்னால் உரிந்துபோகும். நட்சத்திரங்களை மட்டும் இந்தக் காற்றால் பறிக்க முடியாது. வானியலாளர்கள் கன், காட் இருவரும் 1972-லேயே இதை விளக்கிவிட்டார்கள்.

நார்மா கொத்திலுள்ள ஈ.எஸ்.ஓ. 137-001 என்ற கேலக்ஸியை ஹபிள் விண்வெளித் தொலைநோக்கி எடுத்த படத்தைக் கட்டாயம் பாருங்கள். வட்டுக்குப் பின்னால் நீல இழைகள் நீளும். உரிந்த வாயுவிலேயே பிறந்த இளம் நட்சத்திரங்கள் அவை! பார்க்கும்போதெல்லாம் சிலிர்க்கிறது.

அப்புறம் என்ன ஆகும்? சூடான நீல நட்சத்திரங்கள் சீக்கிரம் மடிந்துவிடும். வாயு இல்லாததால் புது வரவும் கிடையாது. மிஞ்சிய பழைய நட்சத்திரங்களோடு கேலக்ஸி மெல்லச் சிவக்கும்.