இரண்டு முப்படிகளின் கூடுதல் 9: நிரலை நிறுத்திவிட்டுக் கோடு போடுங்கள்

கேள்வி: அ³ + ஆ³ = 9 என்ற சமன்பாட்டுக்கு 1, 2 விடை என்று தெரியும். இரண்டுமே மிகை எண்ணாக வரும் வேறு பின்ன விடை உண்டா? பகுதியை 1, 2, 3 என்று 10,000 வரை ஏற்றி நிரல் ஓட்டியும் கிடைக்கவில்லை.

பதில்: உண்டு, எண்ணற்றவை உண்டு. ஆனால் அந்த வழியில் போனால் சிக்காது.

இந்தச் சமன்பாட்டின் வரைபடம் ஒரு நீள்வட்ட வளைவரை (பெயர்தான் அப்படி, வடிவம் நீள்வட்டம் இல்லை). ஒரு நேர்கோடு இதை அதிகபட்சம் மூன்று இடங்களில் வெட்டும். இரண்டு வெட்டுப்புள்ளிகள் விகிதமுறு எண்களானால் மூன்றாவதும் அப்படியே இருக்கும். முப்படிச் சமன்பாட்டின் மூலங்களின் கூடுதல் கெழுக்களிலிருந்தே கிடைத்துவிடுகிறது அல்லவா? தொடுகோட்டில், தொடும் புள்ளியை இருமுறை எண்ண வேண்டும். கையில் ஒரே விடை இருக்கும்போது உதவுவது இதுதான்.

(1, 2) புள்ளியில் தொடுகோடு ஆ = (9 − அ)/4. இதைப் பிரதியிட்டுச் சுருக்கினால்

7அ³ + 3அ² − 27அ + 17 = 0.

மூலங்களின் கூடுதல் −3/7. அதில் 1 இருமுறை வருகிறது. ஆகவே மூன்றாவது மூலம் −17/7, அப்போது ஆ = 20/7. சரிபாருங்கள்: 8000 − 4913 = 3087 = 9 × 343.

ஒன்று குறை எண்ணாகிவிட்டது, பரவாயில்லை. இடம் மாற்றி (20/7, −17/7) என்று எடுத்து, அதையும் (1, 2) புள்ளியையும் கோட்டால் இணையுங்கள். (919/438, −271/438) கிடைக்கும். அங்கே மறுபடி ஒரு தொடுகோடு:

அ = 676702467503/348671682660
ஆ = 415280564497/348671682660

இரண்டும் மிகை! மூன்றே கோடுகளில் வந்துவிட்டோம். தொடுகோடு போடும்போதெல்லாம் இலக்கங்களின் எண்ணிக்கை ஏறக்குறைய நான்கு மடங்காகிறது. 438-க்கு மூன்று இலக்கம், அடுத்த பகுதிக்குப் பன்னிரண்டு. எந்த நிரலும் ஒவ்வொன்றாக எண்ணி அங்கே போய்ச் சேராது.

இதை வேறு எண்களுக்குப் போடும் முன் ஒரு எச்சரிக்கை. 9-க்குப் பதில் 3, 4, 5 என்றால் விகிதமுறு விடையே கிடையாது. 2 என்றால் (1, 1) மட்டும்தான். அங்கே தொடுகோடு வளைவரையை வேறெங்கும் வெட்டாது. முடிவுள்ள சில அடிப்படைப் புள்ளிகளிலிருந்தே எல்லா விகிதமுறு புள்ளிகளையும் கோடு போட்டுப் பெறலாம் என்று மோர்டெல் என்ற கணிதவியலாளர் 1922-இல் நிறுவினார். ஆனால் அந்தப் புள்ளிகளை எந்த வளைவரைக்கும் தவறாமல் கண்டுபிடித்துத் தரும் வழி இன்றுவரை நிறுவப்படவில்லை. உங்கள் நிரலை அதற்குப் பயன்படுத்துங்கள்: சிறிய பகுதிகளில் முதல் புள்ளியைத் தேடட்டும். அப்புறம் கோடுகள் பார்த்துக்கொள்ளும். கைக்கணக்கு அலுத்தால் பாரி (PARI), சேஜ் (Sage) என்ற இலவசக் கணித மென்பொருள்கள் இந்த வேலையை நொடியில் செய்யும்.