வாசகர் கேள்வி – பதில்: உதிரி லெகோ கட்டைகள்

கேள்வி: பழைய லெகோ செட்டில் நான்கைந்து கட்டைகள் தொலைந்துவிட்டன. அவற்றை மட்டும் தேடி வாங்குவது எப்படி?

பதில்: எண் இல்லாமல் தேடாதீர்கள். ‘சின்ன சாம்பல் தகடு’ (தகடு என்றால் மெல்லிய கட்டை) என்று தேடினால் நூற்றுக்கணக்கில் வந்து குவியும். எண்ணைக் கொடுத்தால் வேண்டியது மட்டும் வரும்.

அதே மாதிரிக் கட்டை கையில் ஒன்று மிஞ்சியிருந்தால் கவிழ்த்து, டார்ச்சைச் சாய்வாக அடித்து உட்பக்கத்தைப் பாருங்கள். கடுகளவு எழுத்தில் வடிவ எண் இருக்கும். 2×4 கட்டைக்கு (மேலே இரண்டு வரிசை, வரிசைக்கு நான்கு குமிழ்) 3001, 2×2 கட்டைக்கு 3003, 1×2 கட்டைக்கு 3004, 1×2 தகட்டுக்கு 3023. பக்கத்தில் இன்னொரு சிறு எண் தெரிந்தால் அது பெரும்பாலும் கட்டையை வார்த்த அச்சின் எண், உங்களுக்குத் தேவையில்லை. மாதிரிக்கு ஒன்றுகூட இல்லையென்றால் செட் எண்ணை வைத்துத் தேடுங்கள். புதிய செட்களின் கையேட்டில் கடைசிப் பக்கங்களில் துண்டுப் பட்டியல் உண்டு. பழைய செட் என்றால் பிரிக்லிங்க், ரீபிரிக்கபிள் தளங்களில் செட் எண்ணைப் போட்டால் முழுப் பட்டியலும் படத்தோடு கிடைக்கும்.

கையேட்டில் இருப்பது வடிவத்தோடு நிறத்தையும் சேர்த்துச் சொல்லும் எண். 3001 எந்த நிறத்து 2×4 கட்டைக்கும் பொருந்தும். 300121 சிவப்புக் கட்டைக்கு மட்டும். நிற எண்ணில் கவனம் தேவை: சிவப்புக்கு லெகோ கொடுத்த எண் 21, பிரிக்லிங்க் கொடுத்த எண் 5. ஒன்றை மற்றதில் போட்டால் வேறு நிறம் வந்து சேரும். சாம்பல் நிறத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. 2004 வாக்கில் லெகோ தன் சாம்பல் நிறங்களை மாற்றியது. பழையதில் லேசான மஞ்சள் சாயல், புதியதில் நீலச் சாயல். சுவரில் அடுத்தடுத்து வைத்தால் ஒட்டுப்போட்டது போலத் தெரியும். உங்கள் செட் எந்த ஆண்டுடையது என்று பார்த்துவிட்டு ஆர்டர் போடுங்கள்.

புதிதாக வாங்கிய பெட்டியிலேயே துண்டு குறைந்திருந்தால் காசு கொடுத்து வாங்க வேண்டாம். லெகோவின் வாடிக்கையாளர் சேவையில் செட் எண்ணையும் துண்டு எண்ணையும் கொடுத்துக் கேளுங்கள்; இலவசமாக அனுப்புவார்கள்.

கேள்வி: உதிரிக் கட்டை ஒவ்வொன்றும் மலிவாகத்தான் இருக்கிறது. கடைசியில் மொத்தத் தொகை மட்டும் எகிறிவிடுகிறதே, ஏன்?

பதில்: கட்டையின் விலை அல்ல, கடைகளின் எண்ணிக்கைதான் காரணம். பிரிக்லிங்க் ஒரே கடை அல்ல. பல நாட்டுச் சிறு விற்பனையாளர்கள் கூடும் சந்தை. முப்பது வகைத் துண்டுகளை ஆறு கடைகளில் வாங்கினால் தபால் செலவும் ஆறு. போதாததற்குச் சில கடைகளில் இவ்வளவுக்காவது வாங்க வேண்டும் என்ற வரம்பு.

ஆகவே, மலிவான துண்டிலிருந்து தொடங்காதீர்கள். கிடைக்காத துண்டிலிருந்து தொடங்குங்கள். முழுத் தேவையையும் விருப்பப் பட்டியலில் ஏற்றி, அதில் மிக அரிதான இரண்டு மூன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அவை இருக்கும் கடைகளில் மீதிப் பட்டியல் எதில் அதிகம் அகப்படுகிறது என்று பாருங்கள். சாதாரணக் கட்டை அங்கே சற்று விலை கூடவே இருந்தாலும் அங்கேயே வாங்குங்கள். இன்னொரு பார்சல் செலவைவிட அது குறைவாகவே இருக்கும்.

அரிதான துண்டுக்குக் கடந்த ஆறு மாத விற்பனை விலையைத் தளமே காட்டும். அது கண்ணைக் கட்டினால் நிறத்தை மாற்றுங்கள். ஒரே வடிவம் ஒரு நிறத்தில் அள்ளக் கிடைக்கும்; இன்னொரு நிறத்தில் ஒரே ஒரு செட்டில் மட்டும் வந்திருக்கும். சுவருக்குள் மறையும் கட்டைக்கு எந்த நிறமானால் என்ன? பட்டியலில் நிறத்தைக் குறிப்பிடாமலே விடலாம். மூன்று தகட்டின் உயரமும் ஒரு கட்டையின் உயரமும் ஒன்றுதான்: தகடு 3.2 மி.மீ., கட்டை 9.6 மி.மீ. உள்ளே மூன்று தகடு அடுக்கியிருக்கும் இடத்தில் ஒரு கட்டை போதும்.

லெகோவின் சொந்தத் தளத்திலும் உதிரி விற்பனை உண்டு. இப்போது உற்பத்தியில் இருக்கும் சாதாரணத் துண்டுகளுக்கு அங்கே முதலில் பார்ப்பது நல்லது; நின்றுபோனவை கிடைக்காது.

கேள்வி: கிலோக் கணக்கில் பழைய கட்டைகள் வாங்கலாமா?

பதில்: அடிப்படைக் கட்டைகள் நிறைய வேண்டுமென்றால் தாராளமாக. குறிப்பிட்ட துண்டுக்காக என்றால் வேண்டாம். 2×4 கட்டை ஒன்று ஏறக்குறைய 2.3 கிராம், கிலோவுக்குச் சுமார் 430. கிலோ விலையை இந்த எண்ணால் வகுத்து உதிரி விலையோடு ஒப்பிடுங்கள்.

வாங்குமுன் நெருக்கத்தில் எடுத்த படம் கேளுங்கள். லெகோ கட்டையின் ஒவ்வொரு குமிழிலும் பெயர் பொறித்திருக்கும்; வழவழவென்று இருந்தால் வேறு தயாரிப்பு. 1×1, 1×2 கட்டைகளில் பக்கச் சுவர் விரிசல் விட்டிருக்கிறதா என்று பாருங்கள். விரிசல் விட்டது மற்ற கட்டையை இறுகப் பிடிக்காது. பழைய செம்பழுப்பு, அடர் சிவப்புத் துண்டுகள் கழற்றும்போதே ஒடியக்கூடியவை.

வந்ததும் 40 டிகிரிக்கு மேல் போகாத வெதுவெதுப்பான நீரில் மென்மையான சோப்புப் போட்டுக் கையால் கழுவுங்கள். அதைவிடச் சூடு ஏறினால் வடிவம் கெடும். ஸ்டிக்கர், மோட்டார் உள்ளவற்றைத் தண்ணீரில் போடாதீர்கள். மஞ்சளித்த வெள்ளைக் கட்டைகளை ஹைட்ரஜன் பெராக்சைடில் மூழ்கவைத்து வெயிலில் வைத்தால் வெளுக்கும், கையுறை கட்டாயம். நாளடைவில் மறுபடி மஞ்சளிக்கலாம்.

கேள்வி: வேறு நிறுவனக் கட்டைகள் லெகோவோடு சேருமா?

பதில்: சேரும். 1958-இல் பதிவான கட்டை வடிவத்தின் காப்புரிமை எப்போதோ காலாவதியாகிவிட்டது. அதே அளவில் பலரும் செய்கிறார்கள். தரம்தான் ஆளுக்கு ஆள் மாறும். பத்துக் கட்டைகளை அடுக்கி அளந்து பாருங்கள்: மேல் குமிழை விட்டு 96 மி.மீ. வர வேண்டும். கூடினாலும் குறைந்தாலும் உயரமான சுவர் லெகோ சுவரோடு இணையாது. நிறமும் நூல் பிசகாமல் ஒத்துவராது என்பதால் ஒரு சுவர் முழுவதையும் ஒரே தயாரிப்பில் கட்டுங்கள்.

கேள்வி: முழு செட் வாங்கிப் பிரித்துக்கொள்வது லாபமா?

பதில்: சில நேரம். உங்களுக்கு வேண்டிய துண்டு எந்தெந்த செட்டில் எத்தனை இருக்கிறது என்று ரீபிரிக்கபிள் காட்டும். செட் விலையை மொத்தத் துண்டுகளால் வகுக்காதீர்கள். நீங்கள் உண்மையில் பயன்படுத்தப்போகும் துண்டுகளால் மட்டும் வகுங்கள்.