மாஸ்டர் பதில்கள்: அதே கை, பத்து மடங்கு கூலி

கேள்வி (எஸ்.ஆர்., ஆண்டாப் ஹில், மும்பை): எம்.எம்.ஏ. என்கிற கலப்புச் சண்டையில் கை, கால், முட்டி, கழுத்துப்பிடி எல்லாம் உண்டு. பாக்ஸிங்கில் இரண்டு கை மட்டும்தான். ஆனால் கோடி கோடியாகக் கொட்டுவது பாக்ஸர்களுக்குத்தானே, ஏன் மாஸ்டர்?

பதில்: கஷ்டத்துக்கு ஏற்ற கூலி என்றால் தாராவியில் மூட்டை தூக்குகிறவர் மலபார் ஹில்லில் அல்லவா குடியிருக்க வேண்டும்?

எம்.எம்.ஏ. வீரர் கோனர் மெக்ரிகரைப் பாருங்கள். 2016-இல் யூஎஃப்சி என்கிற பெரிய எம்.எம்.ஏ. கம்பெனியின் கூண்டுக்குள் நேட் டயஸோடு மோதியபோது அவருக்கு அறிவித்த தொகை 30 லட்சம் டாலர். அந்தக் கம்பெனியில் அப்போது அதுதான் உச்சம். அடுத்த ஆண்டே லாஸ் வேகாஸில் ஃப்ளாய்ட் மேவெதரோடு பாக்ஸிங் போட்டார். கணக்கில் காட்டியதே 3 கோடி டாலர், அதுவும் பத்தாவது ரவுண்டில் தோற்று! மேவெதருக்கு 10 கோடி. டி.வி. வசூலில் பங்கு தனி.

பாக்ஸிங்கில் பெல்ட்டைத் தருவது டபிள்யூபிசி, டபிள்யூபிஏ மாதிரியான அமைப்புகள். போட்டி நடத்துகிற புரொமோட்டர் வேறு ஆள். அதனால் சாம்பியன் பெல்ட்டோடு நாலு புரொமோட்டர்களிடம் பேரம் பேசலாம். யூஎஃப்சியில் பெல்ட், மேடை, எதிராளி எல்லாமே ஒரே முதலாளி கையில். அங்கே சாம்பியனாக இருந்த ஃப்ரான்சிஸ் ங்கானு 2023-இல் அங்கிருந்து வெளியேறியபோது ஹெவிவெயிட் பெல்ட் அங்கேயே நின்றுவிட்டது. கடைசியாக அங்கே மோதியதற்கு அவருக்கு அறிவித்த தொகை 6 லட்சம் டாலர். அதே 2023-இல் ரியாத்தில் பாக்ஸிங் ரிங்கில் ஏறி, பாக்ஸிங் சாம்பியன் டைசன் ஃப்யூரியை மூன்றாவது ரவுண்டில் தரையில் விழவைத்தார். பாயிண்டில் தோற்றாலும் கிடைத்தது பல மடங்கு.

இன்னொன்று சட்டம். அமெரிக்காவில் 2000-இல் முகமது அலி பெயரில் ஒரு சட்டம் வந்தது (1980-இல் மெட்ராஸ் வந்தாரே, அதே அலி). போட்டியில் தனக்கு என்ன வருமானம் என்பதை புரொமோட்டர் பாக்ஸரிடம் சொல்லியாக வேண்டும். எம்.எம்.ஏ.வுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. வசூல் தெரியாதவன் எப்படிப் பங்கு கேட்பான்? யூஎஃப்சி மீது வீரர்கள் 2014-இல் போட்ட வழக்கில்தான் கணக்கு வெளியே வந்தது: வருமானத்தில் சுமார் ஐந்தில் ஒரு பங்குதான் வீரர்களுக்கு. பெரிய பாக்ஸிங் போட்டிகளில் பாதிக்கு மேல் போவது சாதாரணம். அந்த வழக்கு பத்து வருஷம் இழுத்து, 2024-இல் 37.5 கோடி டாலர் சமரசத்தில் நின்றது.

கேள்வி (பெயர் வேண்டாம் என்ற ஒரு தாய், சயான் கோலிவாடா): அண்ணா, என் மகன் பி.காம். முடித்துவிட்டு எம்.எம்.ஏ. ஜிம்மே கதி என்று கிடக்கிறான். மூன்று வருஷ ஒப்பந்தம் வந்திருக்கிறது. பாக்ஸிங்குக்கு மாற்றிவிடலாமா?

பதில்: பணத்துக்காக மாற்ற வேண்டாம் தங்கச்சி. மேலே சொன்ன கோடிகள் உச்சியில் இருக்கிற சிலருக்கு மட்டும். நாலு ரவுண்டு பாக்ஸிங் ஆடுகிறவன் அமெரிக்காவிலும் பகலில் வேறு வேலைக்குப் போகிறான். நம் ஊரில் பாக்ஸிங்குக்கு உள்ள ஒரே பெரிய லாபம் ஸ்போர்ட்ஸ் கோட்டா: ரயில்வே, போலீஸ், ராணுவம். எனக்குச் சோறு போட்டது ரயில்வேதான், ரிங் இல்லை. ஆனால் அதற்குப் பதினைந்து வயதுக்குள் ஆரம்பித்திருந்தால் நல்லது. பி.காம். முடித்தவனுக்கு அந்த வாசல் அநேகமாக மூடியாயிற்று.

எம்.எம்.ஏ.வில் வழியே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். 2024-இல் யூஎஃப்சியில் ஜெயித்த முதல் இந்தியப் பெண் பூஜா தோமர், டைகர் ஷராஃப் குடும்பம் நடத்தும் மேட்ரிக்ஸ் ஃபைட் நைட்டில் ஆடி மேலே போனவர்தான்.

கையெழுத்துக்கு முன் ஒப்பந்தத்தை ஒரு வக்கீலிடம் காட்டுங்கள். தொகையில் எவ்வளவு இறங்கினாலே கிடைக்கும், எவ்வளவு ஜெயித்தால் மட்டும் கிடைக்கும்? எம்.எம்.ஏ.வில் பெரும்பாலும் பாதிக்குப் பாதி. தோற்றால் பாதி போச்சு. இந்த மூன்று வருஷத்தில் வேறு மேடையில் ஆடலாமா? மூக்கு உடைந்தால் ஆஸ்பத்திரி பில் யாருடையது? சாம்பியன் ஆனால் ஒப்பந்தம் தானாக நீளுமா? கடைசிக் கேள்விக்கு ‘ஆமாம்’ என்றால் அந்த வரியை அடிக்கச் சொல்லுங்கள். அடிக்க மறுத்தால் மகனை அடுத்த ஜிம்மில் விசாரிக்கச் சொல்லுங்கள், அந்தேரியில் ஜிம்முக்கா பஞ்சம்!