கப்பலின் பெயரும் ஊரின் பெயரும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஹவாயின் சிறு நரம்பிசைக் கருவியான யூகுலேலே பற்றிய தங்கள் கட்டுரையை வாசித்தேன். நான் பத்தாண்டுகளாக ஹொனலுலுவில் வசிக்கிறேன். எங்கள் பக்கத்து வீட்டில் எண்பது வயதைக் கடந்த அம்மையார் ஒருவர் இருக்கிறார். குடும்பப் பெயர் ‘பெர்ரி’ என்பதால் ஆங்கிலேய வம்சத்தவர் என்றே நினைத்திருந்தேன். தம் பாட்டனாரின் தந்தை அட்லாண்டிக் கடலிலுள்ள போர்த்துக்கீசியத் தீவான மதெய்ராவிலிருந்து யூகுலேலே வந்த அதே கப்பலில் வந்தவர் என்றும், தம் முன்னோர் கரும்புத் தோட்டத்தில் மேற்பார்வை பார்த்தவர்களே தவிர கூலிகள் அல்லர் என்றும் அவர் சொல்கிறார். இவற்றை எழுதிவைக்க விரும்புகிறேன். எந்த அளவுக்கு நம்பலாம்?

ஆர்., ஹொனலுலு

அன்புள்ள ஆர்.,

‘பெர்ரி’ என்பது போர்த்துக்கீசியப் பெயர் ஒன்றின் திரிபாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஹவாயில் பெரெய்ரா பெர்ரி ஆனதும் ரொத்ரிகஸ் ரோஜர்ஸ் ஆனதும் பல குடும்பங்களில் நடந்தவை.

கப்பலைப் பற்றிச் சற்று எச்சரிக்கை தேவை. போர்த்துக்கீசியத் தொழிலாளர்களுடன் முதலில் வந்தது ‘பிரிசில்லா’. 1878 செப்டம்பர் 30 அன்று ஹொனலுலுவை அடைந்தது. யூகுலேலேயின் முன்னோடியான மஷேத்தே என்ற சிறு நரம்பிசைக் கருவியோடு சேர்த்துப் பேசப்படுவது, 1879 ஆகஸ்ட் 23 அன்று நானூறுக்கும் மேற்பட்டோருடன் வந்து சேர்ந்த ‘ரேவன்ஸ்கிராக்’. மானுவல் நூனஸ், அகுஸ்தோ தியாஸ், ஜோசே தோ எஸ்பிரித்தோ சாந்தோ என்ற, யூகுலேலேயை உருவாக்கியவர்களாகக் கருதப்படும் மூன்று தச்சர்கள் அதில்தான் வந்தார்கள். அடுத்த பத்தாண்டுகளுக்குள் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் பல கப்பல்களில் வந்திறங்கினார்கள். ஆனால் பேரப்பிள்ளைகளின் நினைவில் எல்லோரும் புகழ்பெற்ற அந்த ஒரே கப்பலில் ஏறிவிடுகிறார்கள். இதைப் பொய் என்று நான் சொல்லமாட்டேன். தென் அமெரிக்காவின் தென்கோடியிலுள்ள ஹார்ன் முனையைச் சுற்றி நான்கு மாதம் கடலில் கிடந்து வந்தவர்களுக்குக் கப்பலின் பெயரைவிட அந்த நான்கு மாதமே பெரிதாக இருந்திருக்கும்.

‘கூலிகள் அல்லர்’ என்பதைத்தான் என்னால் ஏற்க இயலவில்லை. மதெய்ராவில் 1850களில் திராட்சைக் கொடிகளைப் பூஞ்சை நோய் அழித்தது; 1870களில், மீண்டவற்றின் வேர்களைப் பூச்சி தின்றது. மதுவைப் பீப்பாய்க் கணக்கில் விற்றுப் பிழைத்த தீவு அது (நம் ‘பீப்பாய்’ என்ற சொல்லே அவர்கள் மொழியிலிருந்து வந்ததுதான்). பசியும் கட்டாய ராணுவச் சேவையும் ஒருசேர நெருக்கிய அந்த வேளையில், ஹவாயில் பல்லாண்டுகள் மருத்துவராக இருந்துவிட்டு மதெய்ராவில் தங்கியிருந்த வில்லியம் ஹில்லெபிராண்ட் என்ற ஜெர்மானியர், கரும்பு வேலைக்கு இந்தத் தீவினரை அழைக்கலாம் என்று ஹவாய் அரசுக்கு யோசனை கூறினார். வந்தவர்களில் பெரும்பாலோர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு வயலில் இறங்கியவர்கள். ஒப்பந்தம் முடியுமுன் வேலையை விட்டுச் செல்வது அன்றைய ஹவாய்ச் சட்டப்படி குற்றம். 1900 வரை அந்த நிலை நீடித்தது. ஹவாயில் ‘லூனா’ எனப்பட்ட கங்காணி வேலை பின்னர் பலருக்குக் கிடைத்ததும் உண்மையே. முதலாளிகளான வெள்ளையருக்கும் ஆசியத் தொழிலாளருக்கும் இடையே குதிரைமேல் அமர்த்தப்பட்டவர்கள் அவர்கள். ஆனாலும் 1930 வரை மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அவர்களை மற்ற வெள்ளையரோடு சேர்க்காமல் ‘போர்த்துக்கீசியர்’ என்று தனியாகவே எண்ணினார்கள். அந்த அவமதிப்பை அறிந்த குடும்பம் குதிரையை நினைவில் வைத்துக்கொண்டு மண்வெட்டியை மறந்ததில் எனக்கு வியப்பில்லை.

இப்படி நினைவுகூர ஒரு பாட்டி இருப்பதற்கே காரணம் உண்டு. முன்னரே வந்த சீனத் தொழிலாளரில் பெரும்பாலோர் தனி ஆண்கள். இவர்களோ மனைவி மக்களோடு வந்தார்கள். தோட்ட முதலாளிகள் செலவைக் குறித்து முணுமுணுத்தபோதும் கப்பல்களில் குழந்தைகள் நிறைந்திருந்தார்கள். ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தது என்பது அக்குழந்தைகளுக்குத் தெரியாது. குடியிருப்பின் நடுவே கல்லால் கட்டிய குவிமாட அடுப்பும், அதில் வெந்த இனிப்பு ரொட்டியும், தவக்காலம் தொடங்குமுன் வீட்டிலுள்ள கொழுப்பையும் சர்க்கரையையும் தீர்ப்பதற்காகப் பொரித்த மலசாதா என்ற இனிப்புப் பண்டமும் அவர்களுக்குத் தெரியும். அம்மையாரிடம் வந்து சேர்ந்திருப்பது அக்குழந்தைகளின் நினைவு என்றே கருதுகிறேன். ஆகவே அடுப்பைப் பற்றி அவர் சொல்வதை ஒரு சொல் விடாமல் எழுதிக்கொள்ளுங்கள். கங்காணியைப் பற்றிச் சொல்வதையும் எழுதுங்கள், ஆனால் அவர் கூற்றாகவே எழுதுங்கள்.

பயணிகள் பட்டியல்கள் நீங்கள் வசிக்கும் ஊரிலேயே மாநில ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. ‘பெர்ரி’ என்று தேடினால் ஏமாறுவீர்கள், ‘பெரெய்ரா’வும் போதாது. அக்காலப் பெண்கள் பலருக்குக் குடும்பப் பெயருக்குப் பதிலாக ‘இயேசுவின் மரியா’ போன்ற பக்திப் பெயரே இருந்தது. உடன்பிறந்தோரின் பெயர்களே ஒத்துப்போகாமல் இருக்கலாம். எனவே அம்மையாரிடம் கப்பலைக் கேட்பதை விட்டுவிட்டு, மதெய்ராவில் எந்த ஊர், எந்தக் கத்தோலிக்கத் தேவாலயப் பங்கு என்று கேளுங்கள். அது தெரிந்தால் மதெய்ராவின் தலைநகரான ஃபுன்ஷாலின் காப்பகத்திலுள்ள ஞானஸ்நானப் பதிவேடுகளில் பெற்றோர், பாட்டன் பாட்டியர் பெயர்களோடு கப்பலேறிய அந்த முன்னோரைத் தேடலாம். அவருக்கு ஊர் நினைவில்லையென்றால், வீட்டில் பழைய ஜெபப் புத்தகம் ஏதேனும் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். முதல் பக்கத்தில் யாரேனும் ஏதாவது எழுதிவைத்திருக்கக்கூடும்.